மஞ்சள் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் நடுவில்

மொபைல் கடைக்காரனுக்குப் போன் விற்பது பெரிய வேலையே இல்லை. வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த ஒன்றரை வருஷம் தினமும் வந்து அந்தப் போனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் வேலை.

துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் கடை கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தார், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், கடையில் வங்காளம். இந்தக் கதையில் வருகிறவர்கள் பேசியதில் முக்கால்வாசி வங்காளத்தில் பேசியது, உங்களுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

கடையில் நானும் மௌசுமியும்தான். ஆறு வருஷமாக என்னோடு கவுண்டரில் நிற்கிறாள். சென்ற கோடையில் அவள் ஒரே ஒரு போனுக்காகக் காத்திருந்தாள். அவள் கணவன் தபனுக்கு இதயத்தில் வால்வு பழுது. மாடிப்படியில் பாதி ஏறினாலே உட்கார்ந்துவிடுவான். இங்கே காட்டிய டாக்டர் சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார். சென்னை ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துகொண்டு, இடம் காலியானதும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் தன் போனை கவுண்டர் கண்ணாடி மேல் மல்லாக்க வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருப்பாள். இங்கே நான் சொல்லப்போகும் கூத்தெல்லாம் அந்தப் போனைச் சுற்றித்தான் நடந்தது.

அரை செகண்ட்

எங்கள் கடையில் போன்களைக் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டோம், பெட்டியின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்போம். பிரபீர்தா வாங்கியது கறுப்புப் பெட்டி; தா என்றால் இங்கே அண்ணன். அவர் டாக்குரியாவில் இருக்கிறார், சர்க்கார் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் வெங்கட்ராமன் சார் வந்தார். மூன்று தலைமுறையாக லேக் கார்டன்ஸில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் காலையில் ஏரிக்கரையில் ஒன்றாக நடப்பவர்கள். வெங்கட்ராமன் சார் மஞ்சள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமனதாக நின்றபோது, பிரபீர்தா வாங்கியதைவிட இது வேகம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னேன். உடனே வாங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த ஒரு வார்த்தை. யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாளே இருவரும் கடைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வரிசையில் இருபது செயலிகளைத் திறக்க வேண்டும், முதலில் முடிப்பவர் ஜெயித்தவர். நான் நடுவர். கேமரா, மேப், பேங்க், ரயில் டிக்கெட், செய்தி என்று இரண்டு பெரிய மனிதர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு கட்டைவிரலால் குத்தினார்கள். அரை செகண்டில் மஞ்சள் பெட்டி ஜெயித்தது. பிரபீர்தா ஒப்புக்கொள்ளவில்லை. தன் கட்டைவிரலில் மூட்டுவலி, அதற்கு அரை செகண்டைக் கழிக்க வேண்டும் என்றார். விரலுக்கெல்லாம் கழிவு கிடையாது என்று வெங்கட்ராமன் சார் குரலை உயர்த்தினார். போன் கவர் பார்க்க வந்த ஒரு தம்பதி வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இருவருமே என்னிடம் வாங்கினவர்கள். கடைசியில் இருவரும் மௌசுமியைப் பார்த்து நியாயம் கேட்டார்கள். இங்கே பெரியவர்களைக் காகு என்பார்கள், நம் ஊர்ச் சித்தப்பா மாதிரி. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க காகு. சென்னையிலேருந்து போன் வந்தா எனக்குக் கேக்கணும்."

மீன்கடை ஐஸ்

மே மாதம் வந்தது. வெயிலில் போன் சூடாகும், சூடானால் வேகம் தானாகக் குறையும். இது எல்லாப் போனுக்கும் பொது. ஆனால் போனின் வேகத்தைச் சோதனைச் செயலி போட்டு அளந்து மார்க் எடுப்பவர்களுக்கு இது பெரிய கவலை. போனைக் குளிர வைத்துவிட்டுச் சோதனை போட்டால் மார்க் கூடும் என்று பிரபீர்தா எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கப் போனால் மனைவி கையைத் தட்டிவிட்டிருக்கிறார். அதனால் காலையில் பார்ஷே மீன் வாங்கும்போது மீன்காரரிடம் இரண்டு கை ஐஸும் வாங்கி, போனை ஒரு பாலிதீனில் சுற்றி, ஐஸுக்குள் புதைத்து, நேராக என் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மார்க் நிஜமாகவே கூடியது. கடை பூரா மீன் வாசனை. வெங்கட்ராமன் சார் சுத்த சைவம்; அந்தப் போனைத் தொட மாட்டேன், திரையையும் பக்கத்தில் வந்து பார்க்க மாட்டேன் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். மார்க்கை நான்தான் சத்தமாகப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனவர் விடவில்லை. ஐஸ் வேண்டாம், ஏசி போதும் என்று முடிவு செய்து, எங்கள் தெருமுனை ஏடிஎம் அறைக்குள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், ஏசி காற்று நேராக விழும் இடத்தில் போட்டு ஏறி நின்று, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சோதனையை ஓடவிட்டார். முப்பது வருஷம் பேங்கில் உத்தியோகம் பார்த்தவர். வெளியே வரிசை நின்றுவிட்டது. காவலாளி என்னை வந்து கூப்பிட்டான், உங்கள் ஊர்க்காரர்தானே என்று. நான் போய்ச் சேர்வதற்குள் அவனே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"பாபு, மெஷின் கீழ இருக்கு. மேல காத்து மட்டும்தான் வரும்."

பச்சை நிறம்

ஒரு சனிக்கிழமை பாட்டு டீச்சர் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் எடுக்க ஒரு போன் வேண்டும், சத்தம் தெளிவாகக் கேட்டால் போதும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இந்தப் பக்கம் பிரபீர்தா, அந்தப் பக்கம் வெங்கட்ராமன் சார். ஒருவர் சிப் என்றார், ஒருவர் ராம் என்றார். டீச்சர் தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிக் கேட்டார். கால் மணி நேரம் போயிற்று. அவர் கேட்ட சத்தத்தைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இடையில் வெங்கட்ராமன் சார் என் பக்கம் குனிந்து, அவர் சொல்றதை நம்பி வாங்கினா அந்தம்மா காசு வேஸ்ட்டுப்பா என்று தமிழில் முணுமுணுத்தார். பிரபீர்தாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் வேஸ்ட் தெரியும். மறுபடி ஆரம்பித்தது. டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விற்பனை போச்சு என்று நினைத்தேன். அவர் அலமாரியில் கடைசியாக இருந்த ஒரு பச்சை நிறப் போனைக் காட்டினார்:

"அதைக் குடுங்க. இவங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லாதது எதுவோ அது."

புதன்கிழமை மத்தியானம்

அந்தப் போன் வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். இருவரும் வழக்கம்போல ஏதோ ஒன்றைத் தரவிறக்கி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மௌசுமியின் போன் அலறியதும் கடையே அமைதியாகிவிட்டது. அவள் பேர் சொல்லிவிட்டு, எதிர்முனை பேசுவது புரியாமல் போனை என்னிடம் நீட்டினாள். ஒரு நர்ஸம்மா. நான் தமிழில் பேசியதும் அவர்களுக்கும் நிம்மதி. வேறு ஒரு பேஷண்ட் தள்ளிப் போட்டதால் செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு இடம் காலியாகியிருக்கிறதாம். திங்கள் காலை எட்டு மணிக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். வரமுடியாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு மழைக்காலம் கழிந்துதான்.

சொல்லச் சொல்ல மௌசுமி கணக்குப் போட்டாள். விமானம் கூடாது என்று இங்கத்திய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ரயிலில் காத்திருப்போர் பட்டியல் பார்க்கவே பயமாக இருந்தது. மிச்சம் தட்கல்தான். கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள், சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை சாந்த்ராகாச்சியிலிருந்து கிளம்பும் வண்டிக்கு வியாழன் காலை எடுக்க வேண்டும். அது தவறினால் சனிக்கிழமை வண்டி, அதற்கு வெள்ளி காலை. அவ்வளவுதான், இரண்டே வாய்ப்பு.

நாளைக்கு விடியற்காலையிலேயே ரிசர்வேஷன் கவுண்டரில் போய் நின்றுவிடுகிறேன், லீவு கொடுங்கள் என்றாள் மௌசுமி. இங்கேதான் நான் தப்புச் செய்தேன். எதற்கு அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டும், கடையில் இத்தனை வேகமான போன்கள் இருக்கிறதே என்றேன். பிரபீர்தா, நான் எடுத்துத் தருகிறேன் என்றார். வெங்கட்ராமன் சார் அவரைக் கையமர்த்தினார். இருவருக்கும் தபனைத் தெரியும், இருவருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் யார் முதலில் எடுப்பது என்ற பேச்சு வந்ததுமே இருவர் கண்ணிலும் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. வெங்கட்ராமன் சார் போகும்போது என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுப் போனார்:

"முருகா, நாளைக்குப் பத்து அடிச்சு ஒரு நிமிஷத்துல டிக்கெட் கையில இருக்கும். அந்தப் பொண்ணை நிம்மதியாத் தூங்கச் சொல்லு."

பத்து மணி

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே இருவரும் ஆஜர். மௌசுமி ஆதார் நகல், வயது, பெயர் எல்லாம் எழுதிய காகிதத்தை இருவருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முதலில் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் சொல்லிவிட வேண்டும், மற்றவர் நிறுத்திவிட வேண்டும். இது மட்டும் நான் செய்த உருப்படியான ஏற்பாடு. டீக்கடையிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். இருவருமே தங்கள் திரையை வீடியோவாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். அப்புறம் யாரும் மறுக்கக் கூடாதே என்றார் பிரபீர்தா. கூடவே ஒரு பாலிதீன் பை. அதில் ஐஸ்.

பத்து அடித்தது. வெங்கட்ராமன் சார் நிஜமாகவே பறந்தார். வண்டி, வகுப்பு, பெயர், வயது எல்லாம் போட்டு முடித்தபோது பத்து மணி நாற்பது செகண்ட். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. ஓடிபி வரவில்லை. காத்திருந்தார். இரண்டு தடவை மறுபடி அனுப்பச் சொன்னார். வரவில்லை. டவர் சரியில்லை என்று போனைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்தப் பக்கம் பிரபீர்தாவின் போன் ஐஸிலிருந்து வெளியே எடுத்ததும் வியர்க்க ஆரம்பித்திருந்தது. கல்கத்தா மே மாதக் காற்றில் குளிர்ந்த கண்ணாடி சும்மா இருக்குமா? திரை முழுவதும் நீர்த்துளி. அவர் தொட்ட இடம் ஒன்று, திறந்த பக்கம் வேறொன்று. வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததில் தேதி மாறிவிட்டது. திருத்தப் போனார், செயலி அவரை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போவதற்குள் பத்து மணி ஐந்து நிமிஷம். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் வந்தது.

நான் வெங்கட்ராமன் சாரின் போனை வாங்கிப் பார்த்தேன். செயலிக்கு முழு பலமும் கிடைக்கட்டும் என்று விளையாட்டு ஆடுகிறவர்கள் போடும் கேம் மோடைப் போட்டு வைத்திருக்கிறார். அது ஓடும்போது எந்த மெசேஜும் திரைக்கு வந்து தொந்தரவு செய்யாது. அதை அணைத்தேன். பொலபொலவென்று எல்லாம் வந்து விழுந்தது, அதில் ஓடிபி மூன்று. முதலாவது வந்த நேரம் பத்து மணி நாற்பத்திரண்டு செகண்டாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண மனிதர் யாராவது ஒரு சாதாரணப் போனில் செய்திருந்தால் கிடைத்திருக்கும். வேகத்தைக் கூட்டத் தெரிந்ததால்தான் போயிற்று. எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். வரிசையில் நிற்கப் போனவளைத் தடுத்தது நான். மௌசுமி அழவில்லை, திட்டவில்லை. இரண்டு காகிதத்தையும் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"இன்னும் நாளைக்கு ஒரு நாள் இருக்கு முருகன்தா. நான் லைன்லயே நின்னுக்கறேன்."

செங்கல் வரிசை

இந்த ஊர் வரிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கவுண்டர் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே ஆட்கள் வந்து, தங்கள் இடத்தில் ஒரு செங்கல்லையோ பையையோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். யாராவது ஒருவர் ஒரு நோட்டுத் தாளில் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்வார். அந்தத் தாளுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, ஆனால் அதை மீறி யாரும் உள்ளே நுழைய முடியாது. வெள்ளிக்கிழமை, மௌசுமிக்கு முன்னால் போய் இடம் பிடித்துவிட வேண்டும் என்று நான் ஐந்து மணிக்கே போனேன். நன்றாக விடிந்திருந்தது. தாளில் முதல் பெயர் பிரபீர். இரண்டாவது வெங்கட்ராமன்.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்கள். முந்தைய நாளிலிருந்து பேச்சும் இல்லை. வெங்கட்ராமன் சார் படியில் ஒரு மூலையில், பிரபீர்தா இன்னொரு மூலையில். யார் செங்கல் முதலில் வைக்கப்பட்டது என்று ஒரு தகராறு நடந்து முடிந்திருந்ததாகத் தாள் வைத்திருந்தவர் என்னிடம் சொன்னார். வெங்கட்ராமன் சார் முதலில் வந்தாராம், ஆனால் செங்கல் கிடைக்காமல் தேடிக்கொண்டு போன நேரத்தில் பிரபீர்தா வந்து செங்கல்லை வைத்துவிட்டாராம். ஆறு மணிக்கு மௌசுமி வந்தாள். எங்கள் மூவரையும் பார்த்தாள். தன் பெயரையும் எழுதச் சொன்னாள், பதினான்காவதாக. எங்களை இனி நம்புவதாக இல்லை என்று தெரிந்தது. நியாயம்தான்.

ஜன்னல்கள் இரண்டு. முதல் ஆள் முதல் ஜன்னலுக்கு, இரண்டாம் ஆள் இரண்டாம் ஜன்னலுக்கு. ஆக இருவருமே வரிசையின் முகப்பில் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு படிவம், பெயரும் வயதும் நேற்றைய வீடியோவைப் பார்த்து நிரப்பியது. பத்து மணிக்கு இரண்டும் திறந்தது. இரண்டாம் ஜன்னல் அம்மா பிரிண்டரில் காகிதம் சிக்கியதை இழுத்துக்கொண்டிருந்தார். முதல் ஜன்னல்காரர் தட்ட ஆரம்பித்துவிட்டார். படிவத்தில் பிரபீர்தா தன் நம்பரைக் கொடுத்திருந்தார், ஓடிபி அவர் போனுக்கு வந்தது. ஜன்னல்காரர் சொல்லுங்கள் என்றார். பிரபீர்தா போனைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சட்டைப் பையைத் தடவினார். விடியற்காலை அவசரத்தில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் பின்னால் பத்துப் பேருக்கு அப்பால் நிற்கிறேன், கூட்டம் என்னை முன்னே விடாது.

இரண்டாம் ஜன்னலில் காகிதம் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மா வெங்கட்ராமன் சாரிடம் படிவத்துக்குக் கை நீட்டினார். ஒரு நிமிஷம் பொறுத்தால் அவரே எடுத்துவிடலாம், ஜெயித்தவர் அவராகிவிடுவார்; ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் டிக்கெட் தீர்ந்தும் போகலாம். அவர் வரிசையை விட்டு நகர்ந்தார். நகர்ந்தால் இடம் போச்சு, அது அவருக்கும் தெரியும். அடுத்த ஆள் அந்தக் கணமே அவர் இடத்தில் நின்றுவிட்டார். வெங்கட்ராமன் சார் பிரபீர்தா கையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டிப் போனைப் பிடுங்கி, ஜன்னலுக்குள் முகத்தை வைத்து ஆறு எண்களையும் வங்காளத்தில் ஒவ்வொன்றாக, ஸ்கூல் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். டிக்கெட் அச்சாகி வந்தது. இரண்டு பெர்த், தபனுக்குக் கீழ் பெர்த். மௌசுமி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள், அப்புறம்தான் அழுதாள். பிரபீர்தா வெங்கட்ராமன் சாரின் தோளில் கையை வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெங்கட்ராமன் சார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்:

"அந்தப் பிரிண்டர் மட்டும் சிக்காம இருந்திருந்தா நான் உனக்கு முன்னாடி எடுத்திருப்பேன் பிரபீர்."

எழுபத்தி நாலு

செவ்வாய்க்கிழமை கடையில் வேலை ஓடவில்லை. ஆபரேஷன் முடிந்தது என்று சாயங்காலம் ஒரு வரி மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். புதனும் அப்படியே. இருவரும் தினமும் வந்தார்கள், ஸ்டூலில் உட்கார்ந்தார்கள், போனை எடுக்கவில்லை. போட்டி இல்லாத கடை எனக்கே பிடிக்கவில்லை. இந்தத் தடவை என் போன்தான் கவுண்டர் கண்ணாடி மேல் மல்லாந்து கிடந்தது, சத்தம் முழுசாக.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மௌசுமி கூப்பிட்டாள். தபனை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். கஞ்சி குடித்தானாம். நர்ஸ்கள் தமிழில் பேசுவது பாதி புரிகிறதாம், ஆறு வருஷமாக என்னோடும் வெங்கட் காகுவோடும் இருந்தது வீண் போகவில்லையாம். நான் ஸ்பீக்கரில் போட்டேன். இருவரும் கவுண்டர் மேல் கவிழ்ந்துகொண்டார்கள். சாப்பாடு, காய்ச்சல், தையல் எல்லாம் கேட்டு முடித்தார்கள். பழக்கம் விடுமா? நாடித்துடிப்பு எவ்வளவு என்று கேட்டார் பிரபீர்தா. எழுபத்தி நாலு என்றாள். முன்னால் எவ்வளவு இருந்தது என்றார் வெங்கட்ராமன் சார். சும்மா உட்கார்ந்திருந்தாலே நூற்றுப் பத்துக்குமேல் என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவலையாகத்தான் கேட்டார் பிரபீர்தா, அப்படியானால் குறைந்துபோய்விட்டதே என்று. அங்கே மௌசுமி சிரிப்பது கேட்டது. மூன்று மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

"குறையணும்னுதானே காகு இவ்வளவு தூரம் வந்தோம்."

மறு வாரமே இருவரும் கையில் கட்டினால் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் ஆளுக்கொன்று வேண்டும் என்று வந்து நின்று, யாருக்குக் குறைவு என்று என் கடையிலேயே உட்கார்ந்து கத்திக் கத்தி இருவருக்கும் நூறைத் தாண்ட வைத்துக்கொண்டார்கள், விற்றவன் வேறு யார், நான்தான்.